ஈரமும் ஈகையும்

நாம் நாள்தோறும் வழங்குஞ் சொற்களுட் சில, மிகப் பழகிய காரணத்தினாலேயே நங் கருத்துக்கு எட்டாமற் போய்விடுகின்றன. வீட்டு வாயிற்படியை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அதில் இடறிய அன்றுதான் எண்ணிப் பார்க்கின்றோம். 'ஈரம்' என்னுஞ் சொல்லில் யான் அவ்வாறு இடறிய நாள் ஒன்றுண்டு. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

விழா மலருக்குக் கட்டுரை வேண்டுமென மலர்க் குழுவினர் கேட்டபொழுது, கல்லூரியின் பெருமையை எழுதுவோர் பலர் உளர், யான் ஒரு சொல்லைப் பற்றி எழுதுவேன் என விடை பகர்ந்தேன். தமிழாசிரியன் வேறெதனைச் செய்வான் என்று அவர்கள் நகைத்தனர். சொல் சிறிது, ஆயினும், இவ்விழாக் காலத்தில் நாம் எல்லோருஞ் செய்கின்ற ஒரு நற்செயலோடு அது நெருங்கிய தொடர்புடையது. ஆதலின் அன்பர்கள் சிறிது பொறுமையோடு படிக்க வேண்டுகின்றேன்.

ஈரம் என்பதன் முதற்பொருள் யாவருக்குந் தெரிந்ததே. மழை விட்ட பின் முற்றத்து மணலில் நிற்பதும், தோய்த்துக் கொடியிற் போட்ட வேட்டியில் மாலைவரை போகாது நிற்பதும், குளித்த தலையில் நின்று தடிமன் தருவதும் ஈரமே. கமக்காரர் தோட்டத்து மண்ணைக் காலாற் கிளறி, மேல் காய்ந்திருப்பினும் கீழே ஈரம் நிற்கின்றதா என்று பார்த்த பின்னரே நீர் இறைப்பர். பாடநூல்களில் இச்சொல் வேறு பல வடிவங்களைப் பெற்றுள்ளது. விவசாய பாடத்தில் அது 'மண் ஈரலிப்பு'. புவியியலில் ஆண்டு மழைவீழ்ச்சி 2500 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட பகுதி 'ஈரவலயம்'. 1750 மில்லிமீற்றருக்குக் குறைந்த பகுதி 'உலர்வலயம்'. நெல் வாங்குமிடத்தில் 14 வீதத்திற்கு மேற்படாத 'ஈரப்பதன்' உள்ள நெல்லே ஏற்ற நெல். 1971இல் ஈரானிலுள்ள ராம்சர் நகரிற் செய்துகொள்ளப்பட்ட உடன்படிக்கையின் பின் 'ஈரநிலம்' என்ற தொடரும் பெருவழக்காயிற்று. நம் மன்னார் மாவட்டத்து வங்காலைச் சரணாலயம் 2010இல் அவ்வுடன்படிக்கையின் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. விஞ்ஞான பாடத்தில் வரும் 'சாரீரப்பதன்' என்னுங் கலைச்சொல்லைக் கண்ட மாணவன் ஒருவன் என்னிடம் வந்து, "ஐயா, பாட்டுக்காரருக்குத்தானே சாரீரம், அதுக்கு ஏன் பதன்?" என்று கேட்டான். 'சார்' என்பதையும் 'ஈரப்பதன்' என்பதையும் பிரித்துக் காட்டினேன். புணர்ச்சி இலக்கணம் எதற்கு உதவும் என வினவுவோர்க்கு இதனை ஒரு விடையாகக் கொள்க.

ஓசை ஒத்தன எல்லாம் உறவுடையன அல்ல என்பதையும் மாணவர் மனங்கொள்ள வேண்டும். பேனின் முட்டையும் ஈர்; 'ஈராண்டு' என்பதில் இரண்டும் ஈர்; இழுத்தலும் அறுத்தலும் ஈர்தல். இவற்றை ஈரத்தோடு கட்டிவைத்துக் கதை கூறுதல் சொல்லாராய்ச்சி ஆகாது. நாம் கருதவேண்டிய உறவு வேறொன்று. அது ஒரே சொல்லின் இரு பொருள்களுக்கிடையே உள்ள உறவு.

'அவனுக்கு நெஞ்சில் ஈரமில்லை' என்கின்றோம். எழுத்தறியாத கிழவியும் இதனைக் கூறுவாள்; கேட்பவருள் ஒருவரேனும் பொருள் வினவார். ஈரம் என்றால் அன்பு, இரக்கம், அருள் என்று அகராதி கூறுமுன்னரே நம் இல்லங்களில் அப்பொருள் வழங்குகின்றது. நீரின் தன்மை எவ்வாறு நெஞ்சின் தன்மையாயிற்று? நாம் வெயில் நாட்டவர் என்பதே இதற்குரிய காரணம் என்பது என் கருத்து. குளிர் மிகுந்த நாட்டார், விருந்தினரை எதிர்கொள்ளும் அன்பைச் சூட்டினாற் குறிப்பர். அதனை அப்படியே தமிழ்ப்படுத்திச் 'சூடான வரவேற்பு' என்று செய்தித்தாள் எழுதினால், வந்தவருக்கு ஏச்சும் பேச்சுங் கிடைத்தன என்றே நம்மவர் கொள்வர். வெம்மை என்பதற்கு விருப்பம் என்னும் பொருளுண்டெனத் தொல்காப்பிய உரியியல் கூறும் என்பதை யான் மறந்தேனல்லேன். எனினும் அது நூலளவில் நின்றுவிட்டது. மக்கள் நாவில் நிலைத்தவை ஈரமும், தண்ணளியும், கசிவும், நெகிழ்வுமே. வடமொழியிலும் 'சிநேகம்' என்னுஞ் சொல் எண்ணெயையும் நட்பையும் ஒருங்கே குறிக்கும். வறட்சியைப் போக்குவது எதுவோ அதுவே அன்புக்குப் பெயராயிற்று.

எதிர்ச்சொல்லை நோக்கினால் இவ்வுண்மை இன்னும் விளங்கும். ஈரம் போதல் காய்தல், சினத்தலும் காய்தல். ஒருவர்மீது காயாமலும் ஒருவரை உவவாமலும் நடுநிற்றலைக் 'காய்தல் உவத்தலின்றி' என்கின்றோம். துணி காய்வதற்கும் மனிதர் காய்வதற்கும் தமிழ் ஒரே வினையை வைத்தது வியக்கத்தக்கது. 'பசை' என்னுஞ் சொல்லையும் இங்கே ஒப்புநோக்குக. அதுவும் ஒரு காலத்தில் ஈரத்தையும் அன்பையும் குறித்ததே. ஆயினும் இன்று 'பசையுள்ள ஆள்' என்றாற் பணமுள்ள ஆள் என்றே பொருள். பசை பணத்தின் பக்கம் போயிற்று, ஈரம் போகவில்லை. ஈரமுள்ளவன் என்று எந்தச் செல்வனையும், செல்வங் காரணமாக, எவரும் இதுவரை அழைத்ததில்லை.

இனி, நூல் வழக்கைச் சிறிது காண்போம். திருவள்ளுவர் இனியவை கூறல் அதிகாரத்தின் முதற் குறளிலேயே ஈரத்தை வைத்தார். அறமறிந்தோர் வாயிற் பிறக்குஞ் சொல் அன்பாகிய ஈரங் கலந்ததாய், வஞ்சனை அற்றதாய் இருக்கும் என்பது அதன் கருத்து. அவரே கயமை அதிகாரத்தில், 1077ஆம் குறளில், வேறோர் ஈரத்தைக் காட்டுகின்றார். கன்னத்தை உடைக்க வருபவருக்கன்றி மற்றவர்க்குக் கயவர் உண்ட கையின் ஈரத்தைத்தானும் உதறமாட்டார் என்கின்றார். எச்சிற் கையாற் காகம் துரத்தாதவன் என்று நம்மூரார் கூறுவது இதற்கு நல்ல உரை. ஒரு நூலுள் ஒரே சொல், சான்றோர் வாயில் அன்பாகவும் கயவர் கையில் எச்சிலாகவும் நிற்பதைக் காண்க. கையில் ஈரம் இருந்துவிட்டாற் போதாது.

இதனினும் என் மனத்தை மிகக் கவர்ந்த இடம் சிறுபாணாற்றுப்படையில் உண்டு. அதனைப் பாடியவர் நல்லூர் நத்தத்தனார். அந்நல்லூர் நம் நல்லூரன்று. தமிழகத்து இடைக்கழி நாட்டது. வள்ளல்கள் எழுவரின் கொடையையும் வரிசையாகக் கூறும் அப்புலவர், முல்லைக்குத் தேரும் மயிலுக்குப் போர்வையும் கொடுத்தோரைப் பாடிய பின் காரியினிடத்து வருகின்றார். காரி இரவலர்க்குக் கொடுத்தவை இரண்டு. ஒன்று குதிரை, மற்றொன்று ஈரமுள்ள நல்ல சொல். சொல்லையும் ஒரு கொடைப்பொருளாக எண்ணி, குதிரையோடு சேர்த்துக் கணக்கெழுதியிருக்கின்றார் புலவர். குதிரை மட்டுமே பெற்றுச் சென்றவன் அரைக் கொடைதான் பெற்றான் என்பது இதனாற் பெறப்படும்.

பொய்யான ஈரமும் உலகில் உண்டென்பதை நம் முன்னோர் அறியாதவரல்லர். ஆடு நனைகின்றதே என்று ஓநாய் அழுத கதை நமக்குத் தெரியும். ஈரத்துணியைப் போட்டுக் கழுத்தறுப்பவனையும் அறிவோம். ஈரங் கலந்த சொல் என்றவுடன் வஞ்சனை அற்றது என்று வள்ளுவர் மற்றொரு நிபந்தனையையுஞ் சேர்த்ததன் காரணம் இதுவே.

இவற்றையெல்லாம் யான் வகுப்பிற் பலமுறை கற்பித்திருக்கின்றேன். கற்பித்தல் எளிது. இனி, யான் இடறிய கதையைக் கூறுகின்றேன்.

2003ஆம் ஆண்டு கார்த்திகை மாதம். ஆசிரிய கலாசாலைப் பயிற்சியை முடித்துக்கொண்டு கிராமத்துப் பாடசாலை ஒன்றிற் கடமையேற்று ஓராண்டும் நிரம்பவில்லை. கையிற் சான்றிதழும், காலிற் புதிய சப்பாத்தும், உள்ளத்தில் நல்லாசிரியன் என்ற நினைப்பும் இருந்த காலம். மூன்று நாளாக விடா மழை. ஏழாம் வகுப்பிற்கு இனியவை கூறல் நடத்திக்கொண்டிருந்தேன். 'ஈரம் - அன்பு' என்று கரும்பலகையில் எழுதியும் இருந்தேன். அப்பொழுது மாணவன் ஒருவன் பிந்தி வந்து வாயிலில் நின்றான். அவனுடைய வெள்ளைச் சட்டை உடம்போடு ஒட்டிக் கிடந்தது. குடை பிடித்து வந்திருந்தான், தலை நனையவில்லை, சட்டை மாத்திரம் ஈரம். இது மழையீரம் அன்றென்பதை அறியப் பெரிய ஆராய்ச்சி வேண்டியதில்லை. யான் அறியவில்லை.

"எந்தக் குளத்தாலை எழும்பி வாறாய்?" என்றேன். வகுப்புச் சிரித்தது. வகுப்புச் சிரித்தால் இளம் ஆசிரியனுக்கு உற்சாகம் பிறக்கும். "போய் வெளியிலை நில். காய்ஞ்சாப் பிறகு உள்ளுக்கு வா" என்றேன். அவன் ஒன்றும் பேசாது விறாந்தையிற் போய் நின்றான். யான் திரும்பி, கரும்பலகையில் எழுதிய சொல்லுக்கு உரை கூறலானேன்.

இடைவேளையில் மூத்த ஆசிரியர் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். குரலை உயர்த்தவில்லை. "தம்பி, அவனிட்டை இருக்கிறது உந்த ஒரு சேட்டுத்தான். தாய் வெங்காயத் தோட்டத்திலை கூலி வேலை. இராவிலை தோய்ச்சு அடுப்புக்கு மேலை கட்டிவிடுறவ. இந்த மழைக்கு எங்கை காயிறது?" என்றார். வேறொன்றுங் கூறாமல் தேநீரைக் குடித்துவிட்டுப் போனார். அவர் என்னை ஏசியிருந்தால் யானும் ஏதேனும் நியாயங் கூறியிருப்பேன். அதற்கு அவர் இடங் கொடுக்கவில்லை.

மறுநாள் அவன் நேரத்தோடு வந்தான். சட்டை காய்ந்திருந்தது, புகை மணந்தது. அதற்கு முன் வினாக் கேட்டால் முதலிற் கையுயர்த்துபவன் அவன். அவ்வாண்டு முடியும்வரை என் பாடத்தில் அவன் கையுயரவில்லை. அடுத்த ஆண்டு தொடக்கத்தில் அக்குடும்பம் வன்னியிலுள்ள தன் ஊருக்குத் திரும்பிச் சென்றது. 'தம்பி, நான் சொன்னது பிழை' என்னும் நான்கு சொற்களைக் கூற எனக்கு ஏறத்தாழ இரண்டு மாதங்கள் இருந்தன. நாளைக்கு நாளைக்கு என்று இருந்தேன், கூறவில்லை. நல்லூர்த் திருவிழாவில் ஈர வேட்டியோடு பிரதட்டை செய்யும் அடியாரைக் கண்டு ஒதுங்கி வழிவிடுகின்றோம். அதே ஈரத்தோடு கல்வி வேண்டி வந்தவனை யான் வெளியே நிறுத்தினேன். அன்று அவ்வகுப்பறையிற் காய்ந்து கிடந்தது எதுவென்பதை எடுத்துக் கூற வேண்டியதில்லை.

இதனை இங்கே எழுதுவதன் நோக்கம் என் பிழையைக் கூறி மனப்பாரம் இறக்குவதன்று. அச்சிறுவனிடமிருந்து யான் கற்றது ஒன்றுண்டு. வறுமை அவனுக்குப் பழக்கமானது. அதனைக் கையுயர்த்திக்கொண்டே அவன் தாங்கியிருந்தான். அவனாற் தாங்க முடியாமற் போனது, அவ்வறுமையைப் பலர் பார்க்க வைத்ததே.

இனி, நம் கல்லூரிகளில் அண்மைக் காலத்திற் பெருகிவருங் காட்சி ஒன்றைக் கருதுக. பழைய மாணவர்கள், உள்நாட்டவரும் புலம்பெயர்ந்தோரும், தாங் கற்ற கல்லூரிகளுக்கு வாரி வழங்குகின்றனர். பனியிலும் குளிரிலும் இரவு வேலை செய்து ஈட்டிய பணத்திற் பங்கு அனுப்புகின்றனர். அவர்தம் நெஞ்சில் ஈரமில்லை என்று கூறுபவன் நன்றி கொன்றவன் ஆவான். ஆனால் அக்கொடை மாணவனிடஞ் சேருகின்ற முறையைப் பாருங்கள். மேடை அமைக்கின்றோம். பின்னாற் பதாகை தொங்குகின்றது. வறிய மாணவர்கள் ஒருவர்பின் ஒருவராகப் பெயர் கூறி அழைக்கப்படுகின்றனர். துவிச்சக்கரவண்டியின் ஒரு கைப்பிடியை விருந்தினரும் மறு கைப்பிடியை மாணவனும் பற்றிக்கொண்டு நிழற்படத்துக்கு நிற்கின்றனர். அன்று மாலையே அப்படம் முகநூலில் ஏறிவிடும். 'வறுமைக் கோட்டின் கீழ் வாழும் மாணவனுக்கு' என்று அதன் கீழே எழுத்தும் இருக்கும். அடுத்த நாட் காலையில் அம்மாணவன் அவ்வண்டியில் ஏறிக் கல்லூரிக்கு வருகின்றான். அவனுடைய வகுப்புத் தோழர் யாவரும் அப்படத்தைப் பார்த்திருக்கின்றனர்.

காரி குதிரை கொடுத்தான். நாம் துவிச்சக்கரவண்டி கொடுக்கின்றோம். காலத்துக்கேற்ற கொடைதான். ஆனால் காரி குதிரையோடு கொடுத்த மற்றப் பொருளை நாங் கொடுக்க மறந்துவிட்டோம். மறந்ததோடு, அதற்கு ஈடாக மாணவனிடமிருந்து ஒன்றை வாங்கியும் கொள்கின்றோம். அவன் முகத்தை வாங்கிக்கொள்கின்றோம்.

இதற்கு மறுப்புகள் உண்டு. பணம் அனுப்பியவருக்கு அது உரியவரைச் சேர்ந்ததென்பதைக் காட்ட வேண்டாமா என்பர். காட்டவே வேண்டும், அது கொடுத்தவரின் உரிமை. ஆயினும் கணக்குக் காட்டப் பற்றுச்சீட்டு உண்டு, அதிபரின் கையொப்பம் உண்டு, கணக்காய்வு உண்டு. எத்தனை பேருக்கு எத்தனை ரூபா என்று எழுதலாம். கணக்குக்குத் தொகை போதும், முகம் வேண்டியதில்லை. படத்தைக் கண்டாலே மற்றவர்க்குங் கொடுக்கும் எண்ணம் வரும் என்பர் வேறு சிலர். கட்டிய மண்டபத்தைப் படம் பிடியுங்கள். நூலகத்துப் புதிய நூல்களைப் படம் பிடியுங்கள். விளையாட்டுத் திடலைப் படம் பிடியுங்கள். அவை நாணமாட்டா.

இன்னொரு மறுப்பு எம் ஆசிரியர் கூட்டத்திலிருந்தே எழுவது. ஈரங் காட்டினால் மாணவர் கெட்டுப்போவர், கண்டிப்பே கல்விக்கு அழகு என்பர் சிலர். இவர்களுக்குக் கமக்காரரே விடை கூறுவர். வெங்காயப் பாத்தியில் வெள்ளம் நின்றாற் பயிர் அழுகும். அது ஈரத்தின் குற்றமன்று, வெள்ளத்தின் குற்றம். காய்ந்த புகையிலையைப் பகல் வெயிலில் தொட்டால் நொறுங்கிப்போகும். ஆதலின் பனியீரம் பட்டு இலை பதமான வேளை பார்த்தே கையாளுவர். கையாள்வதைக் கைவிடுவதில்லை, பதம் பார்த்துக் கையாளுகின்றனர். கண்டிப்பும் அத்தகையதே. என்னைக் கண்டித்த அம்மூத்த ஆசிரியர் அதனைத் தனியிடத்தில், தாழ்ந்த குரலிற் செய்தார். இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அக்கண்டிப்பு என்னிடம் நிற்கின்றது.

ஆகவே விழாக் கொண்டாடும் நங் கல்லூரிக்கும், பழைய மாணவர் சங்கத்துக்கும் சில வேண்டுகோள்களை வைக்கின்றேன். மாணவர்க்கு உதவும் பொருள்களை மேடையில் வழங்குதலை இவ்விழா ஆண்டோடு நிறுத்துவோம். யாருக்கு எது தேவை என்பதை வகுப்பாசிரியர் அறிவார். அவர் வழியாக, பெற்றோரை அழைத்து, அலுவலகத்தில் அமைதியாகக் கொடுப்போம். குறிப்பேடு போன்ற சிறு பொருள்களை, இயலுமிடத்து, வகுப்பு முழுவதற்குங் கொடுத்துவிடுவோம். அப்பொழுது பெறுபவர் யார், தேவையுடையவர் யார் என்ற வேறுபாடு தோன்றாது. பரிசு பெறுபவரை மேடைக்கு அழைப்போம். உதவி பெறுபவரை அழையாதிருப்போம். ஐப்பசி பிறக்குமுன், எல்லா அளவிலும் சில வெள்ளைச் சட்டைகளை வாங்கிக் கல்லூரியின் அலுமாரி ஒன்றில் வைத்திருப்போம். மாரியில் எவனேனும் ஈரச் சட்டையோடு வந்தால், ஏன் எப்படி என்று வினவாது ஒன்றை எடுத்துக் கொடுக்கலாம். இதற்குப் பெருநிதி வேண்டியதில்லை. கல்வெட்டும் வேண்டியதில்லை.

பழைய மாணவ அன்பர்காள்! உங்களுள் எத்தனை பேர் இக்கல்லூரி விறாந்தையில் ஈரச் சட்டையோடு நின்றவர்கள் என்பதை யான் அறியேன், நீங்கள் அறிவீர்கள். அன்று உங்களை உள்ளே அழைத்த ஓர் ஆசிரியரை நீங்கள் இன்றும் நினைந்திருப்பீர்கள். அவர் உங்களுக்குக் கொடுத்த பொருள் யாதென்று கேட்டால், பெரும்பாலும் ஒரு சொல்லாகவே அது இருக்கும். மாணவச் செல்வங்காள்! தேர்வில் 'ஈரம்' என்பதற்குப் பொருள் கேட்டால் அன்பு என்று எழுதுங்கள், மதிப்பெண் கிடைக்கும். அடுத்த வாங்கில் இருப்பவன் சட்டை நனைந்திருக்கும்பொழுது நீங்கள் சிரியாதிருந்தால், அதுவே அச்சொல்லின் சரியான உரை.

நாம் உலர்வலயத்து மக்கள். ஆண்டிற் பல மாதங்கள் வானத்தை நோக்கியிருப்பவர்கள். ஆதலாலேதான் ஈரத்தின் அருமை நமக்குத் தெரியும். நீருக்கும் அன்புக்கும் ஒரே பெயரை வழங்கியிருக்கின்றோம். அப்பெயர் நம் நாவோடு நில்லாது கைக்கும் வருவதாக. நங் கல்லூரி நீடு வாழ்க.